லாரித் தண்ணீரில் வாங்கிய மழை

என் பிரியமுள்ள மச்சான் ஜாபருக்கு, நீ நிம்மதியாகத் தூங்கும் இடத்துக்குச் சலாம்.

உன் வீட்டுக் கொல்லையில் நான் போட்டுக் கொடுத்த பூப்பந்துத் தளம் வெடித்துவிட்டது. உன் மகள் ரிஸ்வானா அதன் விளிம்பில் கால் தடுக்கி விழுந்தாள். கணுக்கால் வீங்கி, மாவட்ட அணித் தேர்வுக்குப் போக முடியவில்லை. இரண்டும் என் வேலைதான். உன் கபர்க் குழிக்கு வருகிறவர்கள் யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஐப்பசியில் நீ போனாய். அதற்குப் பிறகு எட்டு மாதமாகியும் பிள்ளை மட்டையைத் தொடவில்லை. நீ இருந்தவரை சாயங்காலம் இரண்டு மூங்கிலை நட்டு, வலை கட்டி, அந்தக் கம்பளிப் பந்தை வெறும் மண்ணில் இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருப்பீர்கள். என் தங்கை மெஹர் வந்து கத்தினால்தான் நிறுத்துவீர்கள். நீ போன பிறகு கொல்லைப் பக்கத்து ஜன்னலைக்கூட ரிஸ்வானா திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், சரக்கை இறக்குவது. செங்கல்பட்டில் இத்தனை வருடம் சிமெண்ட் விற்கிறேன், தங்கை மகளுக்கு ஒரு தளம் போட மாட்டேனா?

ஏகாம்பரம் மேஸ்திரியை உங்கள் நெம்மேலிக்குக் கூட்டி வந்தேன். கால்வாய்க்கு மேற்கே உன் மனை இருக்கும் மண்ணை ஒரு பிடி அள்ளி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கயிறு மாதிரி நீட்டிக் காட்டினார்.

“அண்ணாத்த, இது களிமண்ணு. வெயில்ல வாயப் பொளக்கும், மழைல ஊதும். மூணடி தோண்டி வெளிய போடு. கிராவல் மண்ணு கொட்டு. ஒரு ஐப்பசி மழ குடிக்க வுடு. அப்பால தளத்தப் பத்திப் பேசு.”

அணித் தேர்வு கார்த்திகையில். அவர் இதைச் சொன்னது ஆனியில். ஐப்பசி மழைக்கு நான் எங்கே காத்திருப்பது? மழைதானே வேண்டும், அதையும் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். களியைத் தோண்டவில்லை. கொல்லையைச் சுற்றி வரப்புக் கட்டி, லாரி லாரியாகத் தண்ணீர் விட்டேன். குடிக்கவா போகிறோம் என்று, கடலோரக் கிணற்றிலிருந்து வரும் மட்டமான தண்ணீரையே சொல்லியிருந்தேன். ஏகாம்பரம் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

“இன்னா அண்ணாத்த, இதே ஊர்ல கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்க ஆலையே வச்சிகீறாங்க. நீ உப்புத் தண்ணிய டப்பு குட்த்து வாங்கி கொல்லைல வுட்டுகினு கீற.”

நான் சிரித்தேன். பத்து நாள் காயவிட்டு, ரோலர் ஓட்டி, கான்கிரீட் போட்டு, மேலே பச்சை வண்ணம் அடித்தேன். ஆவணியில் ரிஸ்வானா தோழிகளோடு இறங்கி ஆடினாள், மச்சான். அதை மட்டும் நீ பார்த்திருக்க வேண்டும். மெஹர் அடுப்படியில் நின்று அழுதாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

புரட்டாசியில் வண்ணம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. பிய்த்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக உப்பு. ஐப்பசியில் நிஜ மழை வந்தது. லாரித் தண்ணீர் மேலே ஓர் அடியைத்தான் நனைத்திருக்கிறது. அடியில் காய்ந்து கிடந்த களி அப்போதுதான் குடித்து ஊதி, தளத்தை வெடிக்கவைத்து, ஒரு மூலையை நாலு விரல் தூக்கிவிட்டது. அந்த மூலையில்தான் அவள் விழுந்தாள்.

யார் மேல் கோபப்படுவது? மேஸ்திரி முன்னாலேயே சொல்லிவிட்டார். லாரிக்காரன் நான் கேட்ட தண்ணீரைத்தான் கொண்டு வந்தான். மெஹர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. “வுடுண்ணே, அது பாட்டுக்குக் கெடக்கட்டும். மொளகா காயப் போட்டுக்கறேன்” என்றாள். இனிக் கொல்லையில் கடப்பாரையே விழக்கூடாது என்று நின்றாள்.

நேற்று ரிஸ்வானா பஸ் ஏறி, விந்தி விந்தி நடந்து, செங்கல்பட்டில் என் கடைக்கே வந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மாமா, எல்லாருக்கும் இப்டித்தான் சிமெண்ட் விக்கிறியா?”

“எப்டி?”

“மண்ணப் பாக்காம.”

மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அவர்களை முறைத்தேன்.

“சிமெண்ட் போடலாமான்னு அத்தாவ ஒருக்கா கேட்டேன். மண்ணு வெடிச்சா தண்ணி தெளிச்சித் தேச்சிக்கலாம், சிமெண்ட் வெடிச்சா உங்க மாமாவத்தான் கூப்புடணும்னு சிரிச்சாரு.”

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை, மச்சான்? இல்லை, சொன்னாயா? நீ சொல்லும்போது நான் போனில் யாரிடமாவது சரக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

“மொளகா காயப் போட வேற எடம் இருக்குது மாமா. எனக்கு ஆடணும்” என்றாள். அம்மாவிடம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நாற்பது நாளைக்கு மேல் கடப்பாரைச் சத்தம் கேட்கக்கூடாது என்று மெஹர் கெடு வைத்து இறங்கி வந்திருக்கிறாள். அடுத்த அரை மணி நேரம் உன் மகள் என்னிடம் பேரம் பேசினாள். என்னை இப்படி மடக்கிய வியாபாரி இந்தக் கடைவீதியில் இல்லை. வாக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கும் அதையே கொடுக்கிறேன்.

நாற்பது நாளில் தளத்தை உடைத்து, மூன்றடி களியை எடுத்து, கிராவல் நிரப்ப வேண்டும். அடுத்த வருட ஐப்பசி, கார்த்திகை மழை வானத்திலிருந்தே விழ வேண்டும். அதற்கப்புறம் தை பிறந்து, ஏகாம்பரம் சரியென்று சொன்னால் மட்டும், மேலே செம்மண் தளம். சிமெண்ட் ஒரு மூட்டைகூட வரக்கூடாது. கால் ஆறியதும் ஞாயிறுதோறும் நானே அவளைச் செங்கல்பட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போய், வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஆட வேண்டும். ஆடி முடிக்கும்வரை என் போன் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மெஹருக்கு அண்ணன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றும் மச்சான்
சலீம்