நாலு வாரம் தள்ளிப் போயிருக்கிறது

குட்டி,

சூப் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துக் குடி. சோப்புத்தூள் டப்பாவில் நீ ஒளித்துவைத்த சிகரெட் பாக்கெட்டை எடுத்துவிட்டேன். டாக்டரிடம் “தொட்டதே இல்ல டாக்டர்”னு நீ சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையாட்டினேனே! புகை பிடித்தால் தையல் ஆறாது, தோல் கறுத்துப்போகும் என்று அவர் சொன்னது உன் காதில் விழவில்லையா?

டாக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிட்டேன். மார்பைக் குறைக்கும் ஆபரேஷன் நாலு வாரம் தள்ளிப் போயிருக்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். திருப்பிச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

பிரா பட்டி அழுத்திய தோளுக்குத் தைலம் ஜன்னலோரம் இருக்கிறது. சாயங்கால டிரிப் ஓட்டி முடித்து, ஸ்கூல் பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு வந்து நானே தேய்த்துவிடுகிறேன்.

அக்கா

பி.கு.: போன் செய்யுமுன் அந்தப் பாக்கெட்டிலிருந்து ஒரு சிகரெட்டை நான் பிடித்தேன், விட்டு ஆறு வருஷமாகியும். நாலு வாரம் சிகரெட்டைத் தொடாமல் இருப்பது நம் இரண்டு பேருக்கும்தான்.