கழற்றி வைத்த கேரியர்

மிஷன் காலனி,
கார்வேட்டிநகரம்.
12 அக்டோபர் 1997

சென்னையில் கர்த்தருடைய காவலில் இருக்கும் என் பிரியமான வீட்டுக்காரருக்கு, கிருபாவதி வணக்கத்துடன் எழுதுவது.

நான் சுகம். அப்படி எழுதித்தானே ஆரம்பிக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். பிளெஸ்ஸி இல்லாத வீட்டில் சுகத்துக்கு என்ன இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விட நீங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் ஓடிவந்து பெடலைச் சுற்றுவாளே, அந்தச் செயின் மை பட்ட கவுனை எத்தனை தடவை துவைத்தாலும் கறை போகவில்லை. இனி துவைக்கப் போவதில்லை, அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்தது. தினமும் விடியற்காலையில் எழுந்து, லாரிகள் பெருகுவதற்குள் பூந்தமல்லி ரோட்டில் மிதித்துவிட்டு வேலைக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுதேன், சந்தோஷத்தில்தான். குழந்தையை அடக்கம் பண்ணின மறு வாரமே வேலை வேலை என்று நீங்கள் கிளம்பினபோது, வண்டி வேண்டாம் என்றுதான் சொன்னீர்கள். நான்தான் பிடிவாதம் பிடித்து பஸ் மேலே ஏற்றிவிட்டேன். பிளெஸ்ஸியைத் தூக்கிக்கொண்டு புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்கு அப்புறம் நீங்கள் அதில் ஏறி நான் பார்க்கவில்லை. இனி ஏறவே மாட்டீர்களோ என்று பயந்துபோயிருந்தேன்.

டிரில் மாஸ்டர் இயேசுதாசன் சார் நேற்று வந்தார். சங்கராந்தி முடிந்ததும் திருப்பதியில் தேர்வு வைக்கிறார்களாம். சாதா வண்டிப் பந்தயத்தில் முதலாவதாக வந்தால் ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்களாம். உங்கள் பேரைச் சொல்லி, ஜெபசிங்கை விட்டால் இந்த ஜில்லாவில் யார் இருக்கிறார்கள் என்று என்னையே கேட்டார். ரேணிகுண்டாவில் வேலை கிடைத்தால் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழே இருக்கலாம். அதைத்தான் நான் ராத்திரி ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். கம்பெனி வேன் வருகிறதே என்று சொகுசாக ஏறிப் போகக் கூடாது, கட்டட வேலை நடக்கிற இடம் வரைக்கும் மிதித்தே போக வேண்டும். பட்டணத்தில் நீண்ட ரோடு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லக் கூடாது, ஒவ்வொரு சிக்னலையும் பந்தயத் தொடக்கமாக நினைத்து எழும்பி மிதிக்க வேண்டும். பரோட்டாவைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. இது மட்டும் உங்களால் ஆகாது என்று நான் சொல்லிவிட்டேன்.

கேழ்வரகு மாவும் வேர்க்கடலையும் பார்சலில் அனுப்புகிறேன். கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் கர்ணன் மாதிரி வாரிக் கொடுத்துவிடாமல் நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்கள். உங்கள் கடிதத்தை மாதர் சங்கத்தில் படித்து, என் புருஷன் மறுபடியும் மிதிக்கிறார் என்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கமலம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உங்களுக்காக மன்றாடும்,
கிருபா


கார்வேட்டிநகரம்,
30 நவம்பர் 1997

பிரியமானவருக்கு, கிருபா எழுதுவது.

போன கடிதத்துக்கு நீங்கள் எழுதிய பதில் வந்து நாளாகிறது. கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. கடற்கரை ரோட்டில் எதிர்காற்றில் மிதித்தீர்களாம், தொடை இறுகிவிட்டதாம். படிக்கும்போதே எனக்கு ஒன்று உறுத்தியது. இங்கே மிதித்த காலத்தில், டயர் தேய்ந்தது, டியூப் போனது, பிரேக் கட்டை கரைந்தது என்று என் உயிரை வாங்குவீர்கள். சென்னைக்குப் போய் இத்தனை காலத்தில் ஒரு பஞ்சர்கூட உங்கள் கடிதத்தில் வரவில்லை. காற்றிலேயே மிதிக்கிறாரா என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நம்பத்தான் ஆசையாக இருந்தது.

உங்களோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் தேவேந்திரன் நெல் அறுப்புக்கு வந்திருக்கிறான். வந்தவனை உட்காரவைத்து முதல் வேலையாக வண்டியைத்தான் விசாரித்தேன். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். வண்டி மொட்ட மாடில கோணி சுத்திக்கினு கீது அக்கா, அண்ணன் அத்த தொட்டுகூடப் பாக்கல, வேல முடிஞ்சி வந்தா சுவத்தப் பாத்துக்கினு படுத்துக்கிறாரு, சரியா துன்றதுகூட இல்ல என்றான். சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

எனக்குக் கோபம் வந்தது. சபையில் நான் சாட்சி சொன்னேனே, அந்த மனுஷிகள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன் என்று முதலில் அதைத்தான் நினைத்தேன். அப்புறம் நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதை நினைத்தேன். கோபம் போய்விட்டது.

ஏன் மிதிக்கவில்லை என்று நீங்கள் எழுதவே வேண்டாம். எனக்குத் தெரியும். அவ்வளவு காலம் பழகிய கால் அன்றைக்கு உதவவில்லையே என்று நினைக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்திருந்தால் என்று நினைக்கிறீர்கள். அதனால்தான் போன வாரம் நான் தனியாகப் புத்தூருக்குப் போய், அன்றைக்குக் குழந்தையைப் பார்த்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். என்னை அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. மூளைக்காய்ச்சல் அந்த அளவுக்கு ஏறின பிறகு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நீங்கள் குடியிருந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று தெலுங்கில் சொன்னார்கள். நான் நம்பாமல் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னார்கள். உங்கள் காலில் ஒரு குற்றமும் இல்லை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள்.

என் துக்கம் வேறு. இதையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் நானும் சுவரைப் பார்த்துத்தான் படுக்க வேண்டும்.

பந்தயத்துக்காக நீங்கள் வண்டியிலிருந்து மட்காடு, ஸ்டாண்டு, பெல், கேரியர் எல்லாவற்றையும் கழற்றி மூட்டையாகக் கட்டிப் பரண்மேல் போட்டீர்கள். அப்போது நானும் சிரித்துக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்குக் காலையில் குழந்தைக்கு ஜன்னி கண்டபோது பஸ் போய்விட்டிருந்தது. அவளை என் புடவையால் உங்கள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். பின்னால் உட்கார இடம் இல்லை. முன் பாரிலாவது உட்கார்ந்து வருகிறேன் என்று கெஞ்சினேன். பாரம் ஏறினால் வேகம் குறையும் என்று சொல்லிவிட்டு மிதித்தீர்கள். பந்தயக்காரருக்கு வேறு எப்படித் தோன்றும். எந்தத் தகப்பனும் அப்படித்தான் ஓடியிருப்பான், உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பால் வேனை நிறுத்தி ஏறி அங்கே வந்து சேர்ந்தபோது அவள் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். வழியிலேயே போய்விட்டாள் என்றார்கள். என்னையும் ஏற்றி வண்டி மெதுவாகப் போயிருந்தாலும் நான் அவளோடு இருந்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள்.

இதற்காக உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. உங்களோடு இருந்து அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஆசைப்படுகிறேன், உங்களை விட்டுவிட்டு அல்ல.

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. கல்லறைத் தோட்டத்தில் அவரவர் தங்கள் ஜனங்களின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பிளெஸ்ஸியுடையது மட்டும் இன்னும் மண் நிறமாகவே இருக்கிறது. தகப்பன் இருக்கிற பிள்ளைக்கு வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று நான் எல்லாரையும் தடுத்துவிட்டேன். சுண்ணாம்பு வாங்கி ஊற வைத்திருக்கிறேன்.

தேவேந்திரன் திரும்பும்போது அவனிடம் ஒரு கோணிப்பை கொடுத்து அனுப்புகிறேன். பிரித்துப் பாருங்கள். கேரியர்தான் இருக்கும். பரண்மேலிருந்து இறக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். நட்டுகளைக் காகிதத்தில் சுற்றியிருக்கிறேன். அதை நீங்களே பூட்டுங்கள், கடைக்காரனிடம் கொடுக்க வேண்டாம். இயேசுதாசன் சாரிடம் இதைச் சொன்னதற்கு, கேரியரோடு மிதித்தால் பயிற்சி கெட்டுப்போகும் என்றார். கெட்டுப்போகட்டும் சார் என்றேன். கிளம்பும்போது அவரே, பாரத்தோடு மிதிக்கிறதும் ஒரு பயிற்சிதாம்மா, வரச் சொல்லு என்றார்.

அந்த வண்டியிலேயே ஊருக்கு வாருங்கள். திருவள்ளூர், திருத்தணி, நகரி என்று ஒரே நேர் ரோடுதான், மூச்சு வாங்காமல் வந்துவிடுவீர்கள். திருத்தணியில் தங்கிக்கொண்டு வந்தாலும் சரி. புத்தூரைத் தாண்டியதும் கால் நடுங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. திருப்பதித் தேர்வுக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். ரேணிகுண்டா வேலை இல்லாவிட்டால் சென்னையிலேயே ஒரு ரூம் பார்த்துக்கொண்டு நானும் வந்துவிடுகிறேன். உங்களைச் சுவரிடம் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.

சுண்ணாம்பு அடித்து முடித்ததும் நீங்கள் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். என்னைக் கேரியரில் உட்காரவைத்துப் புத்தூர் ரோட்டில் ஒரு தடவை மிதியுங்கள். மெதுவாக மிதித்தால் போதும். அவள் மூச்சு நின்றது எந்த இடம் என்று உங்கள் நெஞ்சுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் இதுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த இடம் வந்ததும் வண்டியை நிறுத்துங்கள். நானும் இறங்கி அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கர்த்தர் உங்கள் கால்களுக்குப் பெலன் தருவாராக.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
பிளெஸ்ஸி அம்மா