முதல் சந்திப்பின் மகிழ்ச்சியுடன்

அன்பு மகளுக்கு, ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருக்கும் எழுத்தாளர் அம்மையாருக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் போஸ்டரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். போஸ்டரில் நீ கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறாய், பிள்ளைக்குப் பல்வலி போலிருக்கிறது என்று அப்பா இரண்டு நாள் கவலைப்பட்டார். எழுதுகிறவங்க எல்லாரும் அப்படித்தான் போட்டோ எடுத்துக்குவாங்க என்று பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்ன பிறகுதான் அவருக்கு மனசு ஆறியது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் அப்புறம் பேசறேம்மா மேடை ஏறப் போறேன் என்கிறாய். எப்போது கூப்பிட்டாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறாய், ஒரு நாளும் இறங்க மாட்டாயா? அதனால்தான் இதைப் பதிப்பகத்து விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன், நீ இருக்கிற ஊருக்கே அவர்கள் சேர்த்துவிடுவார்களாம். உறையின் மேல் அனுப்புகிறவர் என்ற இடத்தில் வாசகி என்று போட்டிருக்கிறேன். அம்மா என்று போட்டால் சாவகாசமாகப் பிரிக்கலாம் என்று பைக்குள் தள்ளிவிடுவாய், வாசகி என்றால் அங்கேயே நின்று பிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராவிட்டாலும் அந்த அளவுக்குப் புத்தி எனக்கு உண்டு.

கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கப் போவதால் சீருடை மலையாகக் குவிந்திருக்கிறது, லீவில் பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கம் உயர்ந்து தொலைத்திருக்கின்றன, பெரியவர்கள் எல்லாம் இன்னொரு பக்கம் அகன்று தொலைத்திருக்கிறார்கள், ஆக எனக்குத் தையலைப் பிரித்துவிடுகிற வேலைதான், பிடித்துத் தைக்கிற வேலையே இல்லை. மெஷின் பெல்ட் தளர்ந்து அப்பாவின் குறட்டை மாதிரி சத்தம் போடுகிறது. லீவு முடிகிறவரை பள்ளிக்கூட வேன் ஓடாது என்பதால் அவர் முழு நேரமும் வீட்டில்தான். ஓடாத வேனைக் கழுவுகிறார், துடைக்கிறார், மறுபடி கழுவுகிறார். இப்போது அதையும் விட்டுவிட்டு உனக்காக ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறார், அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

நீ புத்தகம் அனுப்பினாயே, எனக்கு ஒன்று அவருக்கு ஒன்று, அவருடையதை அவர் இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையோடு பிரிட்ஜ் மேல் நிற்க வைத்திருக்கிறார். படிக்கலையா என்று கேட்டால், ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டறா, பெத்த வீட்டுக்கு ஒரு தரம் வாசிக்க மாட்டாளா, அவ வாயால கேட்டாத்தான் ஆச்சு, அவளே வரட்டும் என்கிறார். நீயும்தான் சொன்னாய், இந்தச் சீசன் முடியறதுக்குள்ள ரெண்டு நாள் கண்டிப்பா வந்துடறேன்பா என்று. முதலில் வெயில் தொடங்குவதற்கு முன் என்றாய், பிறகு அந்தக் கடலோர ஊர் வாசிப்பு முடிந்ததும் என்றாய், பிறகு வருகிற வாரம் ஞாயிறு என்றாய். அந்த ஞாயிறைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். வேனின் பின்சீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து நம் கூடத்தில் போட்டிருக்கிறார், அதுதான் பார்வையாளர் இருக்கையாம். உனக்கு என் கட்டிங் மேஜை. அதன் மேல் ஒரு தண்ணீர் பாட்டில், உன் வீடியோவில் எல்லாம் பாட்டில் இருக்கிறதாம். எங்கிருந்தோ ஒரு மைக்கும் இரவல் வாங்கி வந்துவிட்டார். கை நீட்டினால் எதிர்ச்சுவர் இடிக்கிற கூடத்துக்கு மைக் எதுக்குய்யா என்றேன். மைக் இல்லாம எழுத்தாளர் பேச மாட்டாங்கடி, உனக்கு என்ன தெரியும் என்று என்னையே அடக்குகிறார். ஒரு நாள் முழுக்க ஹலோ ஹலோ என்று சோதனை நடந்தது, மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் மட்டும் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். விரல் வைத்துப் படிக்கிறவள் நான், உனக்குத் தெரியும், வாடிக்கைக்காரர் வராத நேரத்தில் அரைப் பக்கம் ஒரு பக்கம் என்று போகும். கதையில் வருகிற தையல்காரி அம்மா வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுகிறாள், சரிதான் நம்மைத்தான் உரித்து வைத்திருக்கிறாள் கழுதை என்று சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் அவள் ஒரு வார்த்தை கோபமாகப் பேசுவதில்லை, யாரையும் கிண்டல் செய்வதில்லை, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள், இது எந்த வீட்டு அம்மா என்று அங்கங்கே சந்தேகம் தட்டியது. இதற்கு நடுவில் மருந்துக்கடைக்காரர் என்னை விடவும் வேகமாகப் படித்து முடித்துவிட்டார். அன்றிலிருந்து மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். இருமலுக்கு மாத்திரை கேட்டால் கண் கலங்கி, அக்கா உடம்பைப் பாத்துக்கங்க, சாதாரண இருமல்னு விட்டுடாதீங்க என்று இரண்டு பாட்டில் டானிக்கைச் சும்மாவே கையில் திணிக்கிறார். எனக்கு இருமலே இல்லை, அப்பாவுக்குத்தான் கேட்டேன். இந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று புரியாமலே இருந்தது.

புரிந்தது எங்கே என்று சொல்லட்டுமா? போன வாரம் நம் ஊருக்குப் பக்கத்திலேயே, பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற ஊரில், உனக்கு வாசிப்புக் கூட்டம் இருந்தது. நீ என்ன சொன்னாய், ஒரு சாயங்காலம்தாம்மா, முடிஞ்ச உடனே ஏர்போர்ட் போயிடுவேன், உக்காந்து பேசக்கூட நேரம் இருக்காது, நீங்க ரெண்டு பேரும் அலையாதீங்க என்றாய். நானும் சரி என்றேன். சரி என்று சொன்னால் வராமல் இருந்துவிடுவேனா? மொத்த வியாபாரக் கடையில் ஜிப் வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். அவரைக் கூட்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்கத்தானே போகிறார், அதற்குள் எதற்கு என்று நினைத்தேன். உன் முகத்துக்கு நேராகப் போய் நின்று, நீ வாயைப் பிளப்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ அழகாகத்தான் வாசித்தாய், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் எதை வாசித்தாய்? அம்மா சாகிற அத்தியாயத்தை. நான் இன்னும் பாதிப் புத்தகம்கூடத் தாண்டவில்லை, என் சாவை எனக்கே முன்கூட்டிச் சொன்ன மகள் உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். இருமி இருமி, யாருக்கும் சொல்லாமல், பாதி தைத்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டே போய்ச்சேருகிறாள். போகிற போக்கில், நீ போய் எழுது கண்ணு என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறாள். நானாக இருந்தால் அந்தப் பேனாவை முதல்ல கீழ வைடி என்று சொல்லிவிட்டுத்தான் செத்திருப்பேன். என் பக்கத்தில் இருந்த அம்மாள் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, உங்க கிட்ட கைக்குட்டை இருக்குமா என்று என்னிடமே கேட்டாள், கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், என் சாவுக்கு நானே.

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. கதை என்றால் நாலு பேர் சாவார்கள், எனக்கென்ன தெரியாதா? அதற்குப் பிறகு ஒருத்தர் எழுந்து, அம்மாவை இழந்த துக்கத்திலிருந்து எப்படி மீண்டு வந்தீங்க என்று கேட்டாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இப்போது சொல்வாய், எங்கம்மா கல்லு மாதிரி இருக்காங்க, இது கதை என்று சொல்வாய், எல்லாரும் சிரிப்பார்கள், நான் எழுந்து கை ஆட்டலாம் என்று இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். நீ மைக்கைக் கிட்டே இழுத்து, மீள முடியாதுங்க, எழுதத்தான் முடியும் என்றாய். நான் மறுபடி சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஊருக்கு ஊர் இதே கேள்வி கேட்பார்கள், திருத்தித் திருத்தி உனக்கும் அலுத்திருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது உனக்காக நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன். கேஸ் நிற்கவில்லை.

அதோடு திரும்பியிருக்கலாம். விட்டேனா? அங்கேயே இன்னொரு புத்தகம் வாங்கிக்கொண்டு கையெழுத்து வரிசையில் நின்றேன். வரிசைக்கு முன்னால் பதிப்பகத்துப் பெண் ஒருத்தி ஒவ்வொருத்தரிடமும் பெயர் கேட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாள், எழுத்தாளருக்கு நேரம் மிச்சமாகுமாம். என்னிடமும் கேட்டாள். என் முழுப் பெயரையும் சொன்னேன், உன் பள்ளிக்கூடச் சான்றிதழில் எல்லாம் இருக்கிற அதே பெயர். என் முறை வந்தது. நீ நிமிரவில்லை. சீட்டைப் பார்த்தாய், எழுதினாய். அத்தனை எழுத்தையும் எழுதினாயே, ஒரு எழுத்திலாவது உன் பேனா நின்றிருக்கக் கூடாதா? நிமிருவாள் நிமிருவாள் என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் கொஞ்சம் நகருங்கம்மா என்று தோளைத் தொட்டார். நீ புத்தகத்தை மூடி நீட்டிவிட்டு அடுத்ததை இழுத்துக்கொண்டாய். கூப்பிட வாயெடுத்தேன். ஆனால் பின்னால் நின்றவர்கள் எல்லாம் இப்போதுதான் எனக்காக அழுது முகம் கழுவி வந்தவர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றால் அவர்களுக்கு எப்படி இருக்கும், உனக்கு எப்படி இருக்கும்? வரிசையை விட்டு நகர்ந்துவிட்டேன். பஸ் நிலையத்து விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன். என் பெயர், அதன் கீழ், முதல் சந்திப்பின் மகிழ்ச்சியுடன், அதன் கீழ் உன் கையெழுத்து. அடி மகளே, நமக்கு முதல் சந்திப்பு பிரசவ அறையில் நடந்தது. அன்றைக்கும் நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, அதனால் பழக்கம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணின் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தேன், அதிலும் அதே வரி. ரெடிமேட் சட்டை மாதிரி எல்லாருக்கும் ஒரே அளவு. வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தேன். ஜிப் எங்கே என்றார் அப்பா. நம்ம நிறத்துல இல்லை என்றேன்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்லவே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வருவாள், அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேலி செய்து தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் புத்தகத்தை லைனிங் துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். நேற்று உன் செய்தி வந்தது. சாரிம்மா அந்த ரெண்டு நாளும் புக் ஆயிடுச்சு, இன்னும் ஒரு ஊர் சேர்த்துட்டாங்க, அடுத்த மாசம் பாக்கலாம், அப்பா கிட்ட நீயே பக்குவமா சொல்லிடு. அப்பா அந்த நேரம் வேன் சீட்டில் கிழிந்த இடத்துக்கு என்னிடம் துண்டுத் துணி கேட்டு நின்றுகொண்டிருக்கிறார். யாரு என்றார். ஜிப் கடைக்காரர், சரக்கு வரலையாம் என்றேன். எத்தனை நாளைக்குத்தான் அந்த ஜிப்பை நான் இழுப்பது? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு நேற்று மட்டும் இரண்டு ஊசி உடைந்தது. பதிப்பகத்தார் கூப்பிட்டால் ஆகட்டும், நாங்கள் கூப்பிட்டால் பார்க்கலாம், அப்படித்தானே? புத்தகம் விற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா, நானும் கடை வைத்திருக்கிறவள்தான். ஆனால் கடைக்கும் ஒரு ஷட்டர் உண்டு, சாயங்காலம் இழுத்து விடுகிறேன். உனக்கு யார் இழுத்து விடுவார்கள்? அன்றைக்கு நீ எழுதும்போது உன் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மணிக்கட்டு வீங்கியிருந்தது, நாலு பேருக்கு ஒரு தரம் உதறிக்கொண்டாய். சட்டைக் கைப் பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மேடையில் ஏறுகிற பிள்ளைக்கு அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. குனிந்து அந்த நூலைப் பல்லால் கடித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது, அப்போதாவது இது யார் பல் என்று தெரிந்திருக்கும். கையை வெந்நீரில் வைத்து எடு. கூப்பிட்ட ஊருக்கெல்லாம் தலையாட்டாதே, அந்தக் கதை அம்மாதான் தலையாட்டித் தலையாட்டியே செத்தாள், அவளைப் பார்த்தாவது கற்றுக்கொள். இனி யாராவது துக்கம் விசாரித்தால் எங்கம்மா உயிரோடு இருக்கிறாள், வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று சொல். விற்பனை குறைந்தால் நான் வந்து சண்டை போடுகிறேன்.

நல்லா இரு. உன் பேர் இன்னும் நாலு ஊரில் ஒலிக்கட்டும், உன் கால் அதற்கு நடுவில் ஒரு நாள் வீட்டுப் படியில் படட்டும். இதோடு ஒரு பொத்தானும் ஊசியும் அதே நிற நூலும் வைத்திருக்கிறேன், நூலை இரட்டையாகக் கோத்துத் தை. ஞாபகம் வை, அப்பாவுக்கு வாசிக்கும்போது சிரிப்பு வருகிற இடமாகப் பார்த்து வாசி, நீ என்னைக் கொன்றுவிட்டது அவருக்கு இன்னும் தெரியாது. என் புத்தகத்தில் நீ எழுதின வரி எனக்குப் பொருந்தவில்லை, பிரித்துத்தான் தைக்க வேண்டும், அதற்கு ஆள் நேரில் வர வேண்டும், கூரியரில் அளவெடுக்க முடியாது. இந்த நிமிஷம் அவர் மைக்கைத் துடைத்துத் துணி போர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறார். பக்குவமாகச் சொல் என்றாயே, அது என்னால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை நீ வரவில்லை என்கிற சேதியை, ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து அவரிடம் சொல்லிவிட்டுப் போ.

இப்படிக்கு,
சீட்டில் பெயர் இருந்தும் கண்ணில் படாத வாசகி,
உன் அம்மா.