கடைசிக் குட்டிக்காகக் காத்திருந்தோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? சமையலறைச் சுவர் காய்ந்துவிட்டதா?

நம் டெவன் ஓடையில், ஊருக்கு மேலே, மரக்கிளைகளால் அணை கட்டி வெள்ளத்தைத் தடுக்க, இங்கே ஸ்காட்லாந்திலிருந்து பெரிய எலி போன்ற பீவர்களின் ஒரு குடும்பத்தை அனுப்புகிறோம். குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது என்பதால், கடைசிக் குட்டி கூண்டுக்குள் வரும்வரை கேரட் வைத்துக் காத்திருந்தோம். தாய் என் விரலைக் கடித்தது, சின்னக் காயம்தான்.

இங்கே இவற்றின் அணையால் வயல் மூழ்கிப்போன பண்ணைக்காரர் டூகல் சிரித்தார்: “எலிக்குக்கூட குடும்பத்தோட பயணம்! நீ மட்டும் ஏம்மா இங்க தனியாக் கெடக்குற?”

இவை ஒரு வருடம் முந்தி வந்திருந்தால், அப்பா ஆடுகளுக்காக அந்த வெள்ளத்தில் இறங்கியிருக்க மாட்டார்.

அப்பாவின் கம்பளிக் காலுறைகளை அனுப்புங்கள். இங்கே குளிர் அதிகம்.

டெவனுக்கு வண்டி புறப்படுகிறது. ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை காலிதான். அதில் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

டாம்சின்