மாலைப் படகுக்கு ஒரு ஓட்டு

அக்டோபர் 4

பள்ளித்தோழி ஹெர்போர்க் வந்தாள். கட்சி வேட்பாளர் பட்டியலில் ஓர் ஆள் குறைகிறதாம். "உன் பேரைச் சும்மா கடைசியில போட்டுக்கறேன்டி. உனக்கு யாரு ஓட்டுப் போடப்போறா?"

மீன் ஆலையில் நாளெல்லாம் நின்று கால் விட்டுப்போயிருந்தது. சரி என்று சொல்லித் தொலைத்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கட்சிக்காக அலைகிறாள். இந்த முறையாவது அவள் நாடாளுமன்றம் போகட்டும்.

அக்டோபர் 17

ஊர் மன்றத்தில் கூட்டம். தலைநகர் தோர்ஷவ்னிலிருந்து கட்சித் தலைவர் லெய்வுர் வந்திருந்தார். செலவைக் குறைக்க நம் தெற்குத் தீவின் மாலைப் படகை நிறுத்துவீர்களா என்று ஒரு செவிலி கேட்டாள். அது இல்லையென்றால் தலைநகரில் வேலை முடிந்து அவள் எப்படி வீடு திரும்புவாள்? லெய்வுர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். நிறுத்துவாரா, மாட்டாரா? பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினேன்.

"இவர் சொன்னது புரியலைன்னா கவலைப்படாதீங்க, எனக்கும் புரியல. படகை நிறுத்த நான் ஓட்டுப் போட மாட்டேன். அவ்வளவுதான்."

கூரை அதிரக் கைதட்டல். ஹெர்போர்க் மட்டும் தட்டவில்லை. வானொலிக்காரர்கள் வேறு இருந்திருக்கிறார்கள்!

அக்டோபர் 18

கடையில் என்னைப் 'படகம்மா' என்கிறார்கள். எரிச்சல்.

நவம்பர் 2

ஜெயித்துவிட்டேன். நான்! பட்டியலில் யார் பேருக்கு அதிக ஓட்டோ அவருக்குத்தான் இடமாம். ஹெர்போர்க் தோற்றுவிட்டாள்.

என் வீட்டுக்காரன் ஃபின்போகி கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான். "இனிமே ஆடுகளை யாரு பார்க்கறது, மாண்புமிகு?"

ஹெர்போர்க் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 5

அவள் வீட்டுக்கே போனேன். காபிகூடத் தரவில்லை.

"பட்டியலை நிரப்பத்தான்டி கூப்பிட்டேன். என் இடத்தை நிரப்பவா கூப்பிட்டேன்?"

"விலகிடட்டுமா?"

"விலகு. உனக்குப் போட்டவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு."

கதவைச் சாத்திவிட்டாள். நான் என்ன தப்பு செய்தேன்? ஜனங்கள் போட்டால் நான் என்ன செய்ய?

நவம்பர் 20

மூன்று கட்சிக் கூட்டணி. முப்பத்து மூன்று பேரில் எங்கள் பக்கம் பதினேழு. தேர்தலில் தோற்றவரும் அமைச்சராகலாமாம்; ஹெர்போர்க் போக்குவரத்து அமைச்சராம்! மனம் குளிர்ந்தது — கூட்டணி ஒப்பந்தத்தைப் படிக்கும்வரை. மாலைப் படகு நிறுத்தம். மசோதாவைக் கொண்டுவரப்போவது யார்? அவளேதான்.

டிசம்பர் 3

லெய்வுர் கூப்பிட்டு உட்காரவைத்தார். "ஒரே ஓட்டுலதான் ஆட்சி நிக்குது. நம்மை நாமே ஆளணும்னா செலவையும் நாமதான் பார்க்கணும். நம்மை ஆண்டுகிட்டிருக்கிற டென்மார்க்கிட்டயே போய்க் கையேந்தவா?"

"அந்த 'நாம'ல தெற்குத் தீவுக்காரங்க உண்டா இல்லையா?"

"தேர்தல்ல எல்லாரும் எதையாவது சொல்லத்தான் செய்வாங்க."

"நான் எதையாவது சொல்லல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன்."

ஆள் முகம் சிவந்துவிட்டது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 11

தலைநகருக்கு வரும் வழியெல்லாம் வாந்தி. கடலாலா கட்சியாலா, தெரியவில்லை.

டிசம்பர் 12

மசோதாவை ஹெர்போர்க் வாசித்தாள். நிமிரவே இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து நான் கேட்டுவரும் குரல். பாவி, இவளுக்கு எதிராகவா?

'எதிர்ப்பு' பொத்தானை அழுத்தினேன். மசோதா தோற்றது.

வராந்தாவிலேயே லெய்வுர் என்னைக் கட்சியிலிருந்து நீக்கினார். ஆட்சி நிற்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஹெர்போர்க் என்னைத் தாண்டிப் போனாள். திட்டவாவது செய்யேன்டி!

டிசம்பர் 13

நாடாளுமன்ற உணவறையில் தனி மேசை. பழைய கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். போங்கள்.

எதிரே யாரோ உட்கார்ந்தார்கள். ஹெர்போர்க். கேட்காமலே என் தட்டிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றாள்.

"உப்பே இல்ல."

"சமையல்காரர்கிட்ட சொல்லு. நீதானே மந்திரி."

"நான் சொன்னா நடக்கவா போகுது? அதுக்கும் நீ எதிர்த்துல்ல ஓட்டுப் போடுவே."

என் மீனிலும் பாதி போயிற்று.