பன்னியே இருக்கட்டும்

நம் பிள்ளைகள் இந்த சீசன் முழுக்கப் போட்டு ஆடிய ஜெர்சிகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறேன். மொத்தம் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் மார்பிலும் கொழுகொழுவென்று ஒரு பன்றி. இரண்டு மாதமாகியும் அந்த பெயிண்ட் வாசனை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "இன்னாக்கா, சட்டையில பன்னி போட்டிருக்குது?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உன்னிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரிய கதை என்று மழுப்பிவிட்டுக் கீழே வந்தேன். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன்.

ஒரே அரசு அலுவலகத்தில் எதிரெதிர் மேஜை நமக்கு. அண்ணன் மகள் பாஸ்கெட்பால் ஆடுகிறாள், ஒருநாள் வந்து பார் என்று நீதான் என்னைக் கடற்கரைப் பக்கத்துச் சிமெண்ட் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். அவள் இரண்டே வருடத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள். நாம் இருபத்தைந்து வருடம் போனோம். படிக்கட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் குறை சொல்லிக்கொண்டே இருப்பேன். இவளுக்குக் காலே நகரவில்லை, அவள் பந்தைக் கையை விட்டு விடமாட்டேன் என்கிறாள், இதெல்லாம் ஒரு டீமா. நீ காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாய். நாற்பது புள்ளி வித்தியாசத்தில் மண்ணைக் கவ்விய நாளில்கூட, "கடைசி அஞ்சு நிமிஷம் பாத்தியா?" என்று கேட்டவள் நீ. உனக்கு மறை கழன்றுவிட்டது என்று நான் அன்றைக்குச் சொன்னேன். பிறகும் பலமுறை சொன்னேன்.

பன்றிக்கு வருகிறேன். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். உங்கள் வீட்டில் கூடைக்கு 'பன்னியே' என்றுதான் பெயர். பந்து வளையத்துக்குள் விழுந்தாலும் பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் கத்துவார்களாம். கடலூர் டீம் வந்த அன்று நம் பெண்கள் ஒவ்வொரு கூடை போடும்போதும் நீ எழுந்து நின்று "பன்னியே!" என்று அலறினாய். நான்காவது முறை அவர்களில் ஒரு பெண் ஆட்டத்தை விட்டுவிட்டு நேராகப் படிக்கட்டுக்கு வந்தாள். கண்ணில் தண்ணீர். யாரைப் பார்த்துப் பன்னி என்கிறீர்கள் என்றாள். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"அய்யோ, அது கூடைம்மா. பிரெஞ்சுல கூடை" என்று நீ நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுச் சத்தியம் செய்தாய். ஒருவரும் நம்பவில்லை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், அது அவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அதற்குப் பிறகு நீ கைதட்டுவதோடு நிறுத்திக்கொண்டாய். ஆனால் நம் பெண்கள் 'பன்னியே'வை விடவில்லை. அவர்களிடமிருந்து அடுத்த செட், அதற்கடுத்த செட் என்று அந்தக் கூச்சல் மட்டும் தங்கிவிட்டது, அர்த்தம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

நீ படுக்கையில் விழுந்த வருடம்தான் நம் டீமும் விழுந்தது. முதல் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ரயில்வேயில் வேலை, ஒருத்திக்கு போலீஸில், ஒருத்தி கோயம்புத்தூருக்கு மருமகளாகப் போனாள், ஒருத்திக்கு முழங்கால் போயிற்று. மிச்சமிருந்தவர்கள் புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு குட்டிகள். மூத்தவளுக்குப் பத்தொன்பது வயது. உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகக் குறை சொன்னேன். வைத்திக்குப்பத்துக் கயல்விழி ஆறடி இருக்கிறாள், ஆனால் பந்து வந்தால் சூடான சட்டியைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொள்கிறாள் என்றேன். உனக்குப் பேசவே மூச்சு வாங்கியது. "உயரத்த யாரும் சொல்லிக் குடுக்க முடியாது. புடிக்கிறத சொல்லிக் குடுக்கலாம், விடு" என்றாய். பன்னிரண்டு பேரின் பெயரையும் என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்தாய். ஒருத்தியின் ஆட்டத்தைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கிளப் கமிட்டியில் உன் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். முதல் கூட்டத்திலேயே செயலாளர், சென்னையிலிருந்து ஐந்து பேரை இந்த சீசனுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றார். கெட்ட மனிதர் இல்லை, பழைய ஆட்டக்காரர். இந்தப் பிள்ளைகளை இறக்கினால் கடைசி இடம்தான், இரண்டாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள், முப்பது வருடமாக முதல் பிரிவில் இருக்கும் கிளப் என்று கணக்காகத்தான் பேசினார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, நான் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது. ஆனால் வெளியூர்க்காரிகள் ஐந்து பேர் ஆட, நம் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் தூக்கினால் அடுத்த வருடம் ஒருத்தியும் மிஞ்ச மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. நம் பிள்ளைகளே ஆடட்டும் என்றேன்.

"தோத்தா நீங்க பதில் சொல்லுவீங்களாக்கா?" என்றார்.

"சொல்றேன்."

வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் பிள்ளைகள் தாங்களே படம் வரைந்து ஜெர்சி அடித்துக்கொண்டு வந்தார்கள். செயலாளர் பார்த்துவிட்டு, இது கிளப்பா, பன்றிப் பண்ணையா என்று குதித்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளப்பின் கோஷமே பன்னியேதானே, அதனால்தான் பன்னியைப் போட்டோம் என்றார்கள். நான் உன் கதையைச் சொன்னேன், கூடை என்பதைச் சொன்னேன். பிறகு மெர்சி, அந்தக் குள்ளப் பெண், பந்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "கூடைய போட்டா காய்கறிக் கடைன்னு நெனப்பாங்க ஆன்ட்டி. பன்னியே இருக்கட்டும்."

செயலாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் அந்தப் படிக்கட்டில் உருண்டிருப்பாய்.

மொத்தம் ஐந்து ஆட்டம். முதல் ஆட்டத்தில் நம் பிள்ளைகளைத் துவைத்துக் காயப்போட்டார்கள். இரண்டாவதில் கொஞ்சம் குறைவாக. மூன்றாவதில் பாதி நேரம் வரைக்கும் கூடவே ஓடினார்கள். நான்காவதில் கயல்விழி பத்துப் பந்தில் ஏழு பிடித்தாள், நான் விரல் விட்டு எண்ணினேன். அதிலும் தோல்விதான். கடைசி ஆட்டத்தில் எதிரில் வந்தவர்களும் நம்மைப் போலவே நான்கிலும் தோற்றவர்கள், ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கலாம் என்ற நிலை. அன்றைக்குக் கடல் காற்று பலமாக அடித்தது, நம் மைதானம், நம் காற்று. கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். மெர்சி இரண்டு பேருக்கு நடுவில் குனிந்து பந்தை மேலே தூக்கிப் போட்டாள். கயல்விழி பிடித்துவிட்டாள். சுத்தமாக, இரண்டு கையாலும் பிடித்தாள். போட்டாள். பந்து வளையத்தின் மேலேயே உருண்டு உருண்டு வெளியே விழுந்தது.

நான் அழுதேன். யாரிடமிருந்து அதை மறைப்பது, நீதான் பக்கத்தில் இல்லையே.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனேன். ஒருத்தியும் வந்திருக்க மாட்டாள், பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம் என்று நினைத்துத்தான் போனேன். கேட் திறந்திருந்தது. கயல்விழி தினமும் விடியற்காலையில் அம்மாவோடு மீன் நிறைந்த அலுமினிய அன்னக்கூடையைப் பெரிய மார்க்கெட்டில் இறக்கிவிட்டு எல்லோருக்கும் கடைசியாகத்தான் வருவாள். அன்று அவள்தான் முதலில் வந்து, தவறவிட்ட அதே இடத்தில் நின்று பந்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறரைக்குள் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பதினொன்றாவது முறை கயல்விழிக்கு விழுந்தது. நான் படிக்கட்டில் நம் இடத்தில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். குறை சொல்ல நிறைய இருந்தது. இரண்டு வருடத்தில் இந்தப் பிள்ளைகளை யாராலும் பிடிக்க முடியாது என்பதும் தெரிந்தது.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. செயலாளர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நானே எழுந்தேன்.

"தோத்துட்டோம். அடுத்த வருஷம் ரெண்டாவது பிரிவுல ஆடறோம். இதே பன்னெண்டு பேரு."

வெளியாட்கள் வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். செயலாளர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார், பிறகு, பேரச் சொல்லுங்கக்கா என்றார். நீ மனப்பாடம் செய்த அதே வரிசையில் சொன்னேன், எழுதிக்கொண்டார்.

படி இறங்கும்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து வருடத்தில் டீம் ஜெயித்தால் 'ஜெயிச்சிட்டோம்' என்பேன், தோற்றால் 'தோத்துட்டாளுங்க' என்பேன். "ஜெயிச்சா நாம, தோத்தா அவளுங்களா?" என்று நீ எத்தனை தடவை என் முதுகில் அடித்திருப்பாய். நீ இருந்த வரை எனக்கு அது மாறவே இல்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால், யோசிக்காமல், 'தோத்துட்டோம்' என்று வந்துவிட்டது. அந்த 'ஓம்' உன்னுடையது. இனி அது என் வாயில்தான் இருக்கும்.