கலப்பை தூக்குகிறது, அண்ணே

என் பிரியமுள்ள அண்ணனுக்கு,

உன் டிராக்டர் ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். ஓடுவது மட்டுமில்லை, கலப்பையையும் தூக்குகிறது. பசுவந்தனை ரோட்டுக்குத் தெற்கே இருக்கும் நம் கரிசலை நேற்று உழுது முடித்தோம். மழை விழுந்தால் பருத்தி ஊன்ற வேண்டியதுதான்.

நீ கண்ணை மூடிய பிறகு மதினி அந்தத் தகரக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. எண்ணெய்க் குழாய் வெடித்த வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கலப்பையைத் தூக்கும் எண்ணெய் அந்த ரப்பர் குழாய் வழியாகத்தானே போகவேண்டும்? நீ சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றினாய், அதற்கு மேல் கயிறு கட்டினாய். எஞ்சினைப் போட்டதும் எண்ணெய் பீய்ச்சியடித்து உன் வேட்டியெல்லாம் கறுப்பானது. மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டாய். குழாய் கப்பலில் வரவேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு ஜோடி மாடு வாங்கலாம். அதோடு நீ மாட்டு ஏருக்கே திரும்பிவிட்டாய்.

கோவில்பட்டியில் நீ ஏன் யாரையும் கேட்கவில்லை? பழைய இரும்புக் கடை மைதீன் அண்ணாச்சி உன் சிநேகிதர். தூத்துக்குடித் துறைமுகத்துச் சாமானெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

காரணத்தை மதினிதான் சொன்னாள். வண்டிக்கு முதல் பூசை போட்ட அன்று, நீ தேங்காய் உடைத்த கையோடு, மைதீன் அண்ணாச்சி கேலியாக ஒன்று சொன்னாரே, நினைவிருக்கிறதா?

"பழசானா வேற எங்கயும் போட்டுராதீய, நம்ம கடைக்கே கொண்டாந்துருங்க."

எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"பூசை நேரத்துல சொன்ன சொல்லு பலிச்சிரும்னு அவியளுக்குப் பயம். அந்தக் கடைப்படி ஏறுனா வண்டி இரும்புக்குத்தான் போவும்னு சொல்லிட்டே இருந்தாவ," என்றாள் மதினி.

அட அண்ணே, இதற்காகவா?

கடைசியில் நாங்கள்தான் அந்தப் படி ஏறினோம், அதுவும் இரும்பு விலைக்கு விற்கத்தான். கூலி ஏர் வைத்து உழுவது மதினிக்குக் கட்டுப்படியாகவில்லை. வண்டியைக் கொடுத்துவிட்டு நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தன் பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று இருந்தாள்.

மைதீன் அண்ணாச்சி மறுநாளே வந்தார். கொட்டகைக்குள் குனிந்து குழாயைத் தடவிப் பார்த்தவர், எங்களைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"இதப் போயி இரும்புக்கு விக்கப் பாத்தியளாக்கும்? ரப்பர் மட்டுந்தான் போயிருக்கு, தங்கச்சி. ரெண்டு முனையிலயும் இருக்குத இரும்புப் பூட்டு நல்லாத்தான் இருக்கு. அதக் கழத்தி வேற குழாயில மாட்டிக்கிடலாம்."

"தண்ணிக் குழாய் போட்டாப் போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வெடிச்சிரும். உள்ள கம்பி வலை பின்னுன குழாய் வேணும். தூத்துக்குடியில வெட்டுனது போக மிஞ்சுன புதுத் துண்டு கிடக்கு. அதுக்கு என்ன பெரிய செலவு வந்துரப் போவுது?"

கொண்டுவந்தார். கலப்பை ஏறி இறங்கும்போது இழுபடாமல் இருக்க, கொஞ்சம் தாராளமாகவே நீளம் விட்டு வெட்டினார். பழைய பூட்டுகளை மாட்டி, எண்ணெய் ஊற்றி, வண்டியைக் கிளப்பினோம். கலப்பை மேலே எழும்பி அப்படியே நின்றது. மதினி கீழே விரித்திருந்த சாக்கில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விழவில்லை. அவள் அந்தச் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சில நாள் கூலி ஏருக்குக் கொடுக்கும் காசுதான் மொத்தச் செலவே.

நீ கடைக்கு வராத காரணத்தை மைதீன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ? அவர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சந்தைக்கு வந்தா கடைக்கு எதுத்தாப்புல நிப்பாவ. நான் கைகாட்டிக் கூப்பிடுவேன். வேலை கிடக்குன்னு போயிருவாவ. டிராக்டர் வாங்குனதும் பெரிய மனுசன் ஆயிட்டாவன்னு நானும் விட்டுட்டேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவர். வீம்பும் பயமும் உன்னைக் கடக்க விடவில்லை. வண்டி கொட்டகையில் கிடக்க, நீ வெயிலில் மாட்டுக்குப் பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை. உன் கையால் கலப்பையைத் தூக்கும் அந்த லீவரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைக்கப் போகிறோம். மைதீன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "வாரேன் தங்கச்சி, வந்து வாயத் தொறக்காம ஓரமா நிக்கேன்," என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவரை அப்படி நிற்க விடமாட்டேன், அண்ணே. தேங்காய் உடைத்ததும், அன்றைக்குச் சொன்ன அதே கேலியைத் திரும்பச் சொல்லச் சொல்வேன். நீ சிரிக்காமல் விட்டதையும் சேர்த்து நான் சிரித்துவிடுகிறேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பேச்சியம்மாள்